முற்றுப்பெறாத தோம்பு: இல்லாமல்போன வீடுகளைக் கீறி வைத்தவர்களின் கதை



இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். தெல்லிப்பழை, கட்டுவன், மாவிட்டபுரம், மயிலிட்டிப் பக்கத்து ஆட்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஓவியர் என்றால் கோயில் மண்டபத்தில் சாமி படம் கீறுபவர், வடிவமைப்பாளர் என்றால் கலியாணக் கார்ட்டும் கட்அவுட்டும் செய்து தருபவர். ஊரில் பொதுவாக இப்படித்தான் கதைப்போம். அந்தத் தொழில்களில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் காலத்தில், எங்கள் யாழ்ப்பாணத்திலேயே இருந்துகொண்டு, வரலாற்றாசிரியர்கள் செய்ய மறந்த ஒரு வேலையைச் செய்த ஓவியர் ஒருவர் இருக்கிறார். வகுப்பில் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கும்போது அவருடைய புத்தகத்தைப் பற்றி நான் அடிக்கடி சொல்வதுண்டு. ஊர்ப் பெரியவர்களுக்கும் அது தெரியவேண்டும் என்பதற்காக இந்தப் பதிவு.

அவர் தா. சனாதனன். 1969 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். டெல்லியில் ஓவியம் படித்துவிட்டுத் திரும்பி வந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத் துறையில் படிப்பிப்பவர். 2011 இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் பெயர் 'தி இன்கொம்ப்ளீட் தோம்பு'. தமிழில் சொன்னால் 'முற்றுப்பெறாத தோம்பு'. ஷர்மினி பெரேரா நடத்தும் 'றேக்கிங் லீவ்ஸ்' பதிப்பகம் அதை வெளியிட்டது.

தோம்பு என்ற சொல் வயதானவர்களுக்குப் பழக்கமாக இருக்கும், இளம் பிள்ளைகளுக்கு இருக்காது. அது போர்த்துக்கீசர் விட்டுச் சென்ற சொல். காணி யாருடையது, எவ்வளவு, அதில் என்ன நிற்கிறது, அதிலிருந்து அரசுக்கு என்ன வரும் என்று எழுதி வைத்த பதிவேடுதான் தோம்பு. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அதை இன்னும் விரிவாக்கினார்கள். காணிக்கு ஒரு தோம்பு, குடும்பத்தில் உள்ள ஆட்களுக்கு ஒரு தோம்பு, ஞானஸ்நானத்துக்கும் கலியாணத்துக்கும் பள்ளிக்கூடத் தோம்பு என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். வரி எடுக்கவும் ஊழியம் வாங்கவும் அவர்களுக்கு அந்தக் கணக்கு வேண்டியிருந்தது.

அதே ஒல்லாந்தரோடு வந்த பாதிரியார் பிலிப்பஸ் பால்டேயஸ், 1672 இல் அம்ஸ்டர்டாமில் ஒரு பெரிய புத்தகம் அச்சிட்டார். அதில் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களின் படங்கள் செப்புத்தகட்டு அச்சில் இருக்கின்றன. தெல்லிப்பழைத் தேவாலயமும் அவற்றில் ஒன்று. அதாவது 350 வருடத்துக்கு முன்னரே எங்கள் ஊர் அச்சில் படமாக வந்துவிட்டது. ஆனால் அந்தப் படத்தில் என்ன இருக்கவேண்டும் என்பதை வந்தவர்கள்தான் தீர்மானித்தார்கள். அவர்களுக்குத் தேவாலயம் முக்கியம், ஆகவே தேவாலயம் படமாகியது. பக்கத்து வளவில் கிடுகு பின்னிக்கொண்டிருந்த மனுசியின் குடிசையை யாரும் கீறி வைக்கவில்லை.

இப்போது உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். காணியின் பெயர் இருக்கும். எத்தனை பரப்பு, எத்தனை குழி என்றோ, எத்தனை லாச்சம் என்றோ இருக்கும். கிழக்கில் இன்னாருடைய காணி, வடக்கில் ஒழுங்கை, மேற்கில் இன்னார், தெற்கில் இன்னார் என்று எல்லை இருக்கும். கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் பாத்தியம் எல்லாம் இருக்கும். நீதிமன்றத்துக்குப் போனால் இந்தக் கடுதாசிதான் பேசும். ஆனால் எந்த அறையில் அம்மா உங்களைப் பெற்றார், எந்த மாமரத்தில் ஊஞ்சல் கட்டினீர்கள், மழை பெய்தால் எந்த மூலை ஒழுகும் என்பதற்கு உறுதியில் இடமில்லை. தோம்பிலும் இருந்ததில்லை.

சனாதனன் கைவைத்தது இந்த இடத்தில்தான். யுத்தத்தால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் போனார். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் என்று எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: நீங்கள் விட்டுவிட்டு வந்த வீட்டை நினைவிலிருந்து கீறித் தரமுடியுமா? ஓவியம் தெரிந்தவர்களைத் தேடிப் போகவில்லை. சாதாரண ஆட்களின் கையில்தான் தாளும் பேனையும் கொடுத்தார். அப்படி வந்த 80 வீடுகள் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன.

ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று படங்கள். முதலாவது, அந்த வீட்டுக்காரர் தன் கையால் கீறிய தளப்படம். இரண்டாவது, அதைப் பார்த்துக் கட்டடக் கலைஞர் அளவுகோல் வைத்து ஒழுங்காகக் கீறிய படம். மூன்றாவது, அந்தக் கதையைக் கேட்ட பின் சனாதனன் தானே தீட்டிய ஓவியம். கூடவே அந்த ஆள் சொன்ன சில வரிகள். புத்தகத்தின் வடிவமே கச்சேரியில் தூசு படிந்து கிடக்கும் கோப்புப் போலத்தான். வடிவமைப்பு என்றால் அழகுபடுத்துவது மட்டும் என்று நினைக்கும் என் மாணவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். ஒரு புத்தகத்தைக் கோப்பு மாதிரிக் கட்டினால் அது வாசிப்பவரிடம் ஒரு விடயத்தைச் சொல்லிவிடுகிறது: இதுவும் ஒரு அரச ஆவணத்துக்குச் சமமான சாட்சியம்.

மூன்று படங்களும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தவேண்டும் என்று இல்லை. நினைவிலிருந்து கீறுபவருக்குக் கிணறு அறையை விடப் பெரிதாக வந்துவிடலாம். கட்டடக் கலைஞர் அதைச் சரியான அளவுக்குச் சுருக்குவார். எது உண்மை என்று கேட்டால் வரலாற்று ஆசிரியராக என் பதில், இரண்டையும் வைத்திருங்கள் என்பதுதான். அளவு சொல்லும் உண்மை காணிக்குத் தேவை. கிணறு பெரிதாக வந்தது ஏன் என்று கேட்டால்தான் அந்தக் குடும்பத்தின் கதை வெளியில் வரும்.

இந்த வேலை ஏன் எங்களுக்கு இவ்வளவு நெருக்கமானது என்பதற்கு 1990 ஆம் ஆண்டை நினைத்தாலே போதும்.

அந்த வருடம் யூனில் பலாலி, காங்கேசன்துறைப் பக்கம் சண்டை தொடங்கியதும் வலிகாமம் வடக்கு ஆட்கள் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டார்கள். ஒரு கிழமையில் திரும்பிவிடலாம் என்று மாட்டை அவிழ்த்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு கிழமை பலருக்கு இருபது, இருபத்தைந்து வருடம் ஆனது. அவர்கள் காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாகின.

அதே வருடம் ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். இரண்டு மணித்தியால அவகாசம். வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். சோனகத் தெரு வெறுமையாகியது.

ஐந்து வருடம் கழித்து, 1995 இல், அதே ஒக்டோபர் 30 அன்று, வலிகாமம் முழுவதும் இரவோடு இரவாகத் தென்மராட்சிக்கு நடந்தது. தெல்லிப்பழையிலிருந்து ஏற்கனவே வெளிக்கிட்டு உறவினர் வீடுகளில் இருந்தவர்களுக்கு அது இரண்டாவது, மூன்றாவது இடப்பெயர்வு. அந்தத் திகதிகள் ஒன்றானது தற்செயல்தான். ஆனாலும் ஒரு வீட்டை விட்டுவிட்டு நடப்பது என்றால் என்ன என்பதை எங்கள் இரண்டு சமூகங்களும் தனித்தனியே படித்துக்கொண்டன. ஒன்றின் பாடத்தை மற்றது கேட்டதுதான் குறைவு.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டபின், உம்மாவிடமும் வாப்பாவிடமும் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, யாழ்ப்பாணத்து வீட்டைக் கீறச் சொன்னேன். ஒருவர் கீறுவதை மற்றவர் பார்க்கக்கூடாது என்பது நிபந்தனை. வாப்பா தெருவில் தொடங்கினார். பள்ளிவாசலிலிருந்து எத்தனையாவது வாசல், எதிரே யாருடைய கடை, படலை எந்தப் பக்கம் திறக்கும் என்று கீறிக்கொண்டே உள்ளே வந்தார். உம்மா அடுப்படியில் தொடங்கினார். அங்கிருந்து கிணற்றடி, அங்கிருந்து வேலியில் இருந்த பொட்டு, அந்தப் பொட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வளவு. தெருவை உம்மா கீறவே இல்லை. வாப்பாவின் படத்தில் அந்தப் பொட்டு இல்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தபோதுதான் ஒரு முழு வீடு தெரிந்தது. அந்தப் பொட்டால் எத்தனை வருடம் கறிவேப்பிலையும் நோன்புக் கஞ்சியும் பொங்கலும் போய்வந்தன என்பது அதற்குப் பிறகுதான் கதையாக வந்தது. அதை எந்த உறுதியும் எழுதி வைத்திருக்காது.

சரி, இப்படி ஒரு ஓவியர் திடீரென்று எங்கிருந்து வந்தார்? அவர் தனிமரம் அல்ல. பின்னால் ஒரு தோப்பு இருக்கிறது. அந்தத் தோப்பை வளர்த்தவர்களில் அநேகர் பாடசாலை ஆசிரியர்கள் என்பதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

1938 இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் 'வின்சர் கலைக் கழகம்' என்ற ஓவியர் அமைப்பைத் தொடங்கினார். இலங்கையின் சித்திரக் கல்விக்குப் பொறுப்பாக இருந்த சி. எஃப். வின்சரின் பெயரால் அமைந்தது அது. பாடசாலைகளில் சித்திரம் படிப்பித்தவர்கள் ஒன்றுகூடிக் கீறிப் பழகிய இடம். பிறகு 1959 இல் விடுமுறைக்கால ஓவியர் கழகம் வந்தது. பெயரே சொல்கிறது, பாடசாலை விடுமுறையில்தான் அவர்களுக்குக் கீற நேரம் கிடைத்தது.

அதற்குப் பின் வந்தவர் அ. மாற்கு. 1933 இல் பிறந்த குருநகர்க்காரர். வீட்டிலும் வகுப்பிலும் பல பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்தார். சனாதனன் இளவயதில் அவரிடம் பழகியவர். யுத்தம் மாற்கு மாஸ்ரரையும் ஊரை விட்டுக் கிளப்பியது. இடப்பெயர்வில் அவருடைய படைப்புகளும் இழப்புக்குத் தப்பவில்லை. 2000 ஆம் ஆண்டு காலமானார். வீட்டை இழந்தவர்களின் வீட்டைக் கீறப்போன மாணவருக்கு, படங்களை இழந்த ஒரு குரு இருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கம் 'சிரித்திரன்' சுந்தர். கரவெட்டியில் பிறந்த சி. சிவஞானசுந்தரம். சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் மிஸிஸ் டாமோடிரனும் அவர் பேனையில் பிறந்தவர்கள்தான். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இதை வாசிக்கும்போதே சிரித்திருப்பீர்கள். ஒரு யாழ்ப்பாணத்தான் எப்படி நடப்பான், எப்படிச் சால்வை போடுவான், கதைக்கும்போது முகம் எப்படிப் போகும் என்று அறிய வேண்டுமென்றால் எந்தப் புள்ளிவிபரமும் உதவாது, சிரித்திரனின் கோடுகள்தான் உதவும். அவரும் ஒரு வகையில் தோம்பு எழுதியவர்தான், காணிக்குப் பதிலாக ஆட்களை வைத்து.

சனாதனனின் மற்ற வேலைகளையும் பார்த்தால் ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். 2004 இல், எரிந்து மீண்டும் எழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், ஊர் வீடுகளிலிருந்து சேகரித்த பொருட்களைக் காட்சியாக வைத்தார். வீட்டு மூலையில் கிடக்கும் சாமான்கள்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. 1981 இல் 97,000 நூல்கள் எரிந்த இடத்தில், எழுதப்படாத வரலாற்றைப் பொருளாகக் கொண்டுவந்து வைத்த செயல் அது.

பிறகு 2005 மே தொடக்கம் 2007 ஒக்டோபர் வரை நான்கு ஓவியர்கள் தபாலில் படம் அனுப்பி விளையாடினார்கள். சனாதனன், முஹன்னத் காதர், சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க. ஒருவர் கீறி அனுப்பிய படத்தைப் பார்த்து அடுத்தவர் தன் படத்தைக் கீறி அடுத்தவருக்கு அனுப்புவார். ஒரு வருடம் என்று தொடங்கியது இரண்டு வருடத்துக்கு மேல் இழுபட்டது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது, சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாங்கள் வரிசையில் நின்றோம். ஆனாலும் அந்த விளையாட்டு நிற்கவில்லை. முடிவில் 208 படங்கள். ஒரு தமிழர், ஒரு முஸ்லிம், இரண்டு சிங்களவர் சண்டைக் காலத்தில் நான்கு பக்கமிருந்தும் கோடுகளால் கதைத்துக்கொண்டிருந்தார்கள். 2008 இல் அதுவும் புத்தகமாயிற்று.

2013 இல் ஷர்மினி பெரேராவின் முயற்சியால் இலங்கையின் சமகால ஓவியம், கட்டடக்கலை, வடிவமைப்பு ஆகியவற்றுக்கான ஆவணக்காப்பகம் ஒன்று தொடங்கப்பட்டது. எங்கே தெரியுமா? கொழும்பில் இல்லை, யாழ்ப்பாணத்தில். கொழும்பு செய்யும், நாங்கள் பார்ப்போம் என்ற பழைய வழக்கம் அதில் கொஞ்சம் மாறியது.

இளையவர்களும் வந்துவிட்டார்கள். மலையகத்தில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த ஹனுஷா சோமசுந்தரம், தேயிலைத் தோட்டத்து ஆட்களின் வாழ்க்கையைத் தேயிலை வடியையே கருவியாக வைத்துப் படைக்கிறார். கொழும்பு கொம்பனித்தெருவில் வளர்ந்த ஃபிரி ரஹ்மான், மாடிக் கட்டடங்கள் எழும்ப எழும்ப மறைந்துபோகும் தன் தெருவின் மனிதர்களை நண்பர்களோடு சேர்ந்து பதிவு செய்கிறார். ஓவியம் படித்தால் என்ன தொழில் செய்யலாம் என்று கேட்கும் பெற்றோருக்கு இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். சித்திரப் பாடத்தை வெறும் இலேசான பாடம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த விடயம்.

யுத்தம் முடிந்தபின் வலிகாமம் வடக்குக் காணிகள் கட்டங்கட்டமாக விடுபட்டன. இன்னும் விடுபடாதவையும் உண்டு. திரும்பிப் போன பலருக்கு வீடு இருக்கவில்லை, பற்றைதான் இருந்தது. கிணற்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து எட்டு வைத்து அளந்துதான் தங்கள் வளவை அறிந்தார்கள். இப்போது அந்த இடங்களில் புது வீடுகள் எழும்புகின்றன. நல்லது. ஆனால் பழைய நாற்சார் வீடும் தலைவாசலும் சங்கடப் படலையும் எங்கே நின்றன என்று சொல்லக்கூடியவர்கள் எழுபது, எண்பது வயதுக்காரர்கள். 1990 இல் முப்பது வயதாக இருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். வெளிநாட்டில் பலர், முதியோர் இல்லத்தில் சிலர், மௌத்தாகிப் போனவர்கள் பலர். ஒவ்வொரு மரண அறிவித்தலோடும் ஒரு வளவின் படம் மண்ணுக்குள் போகிறது.

சனாதனன் தன் புத்தகத்துக்கு 'முற்றுப்பெறாத' என்று பெயர் வைத்தது சும்மா அல்ல. 80 வீடு எங்கே, இழந்த வீடுகள் எங்கே! யாழ்ப்பாண நகரில் வெதுப்பகம் வைத்திருந்து போன சிங்களக் குடும்பங்களின் வீடுகளும் எங்கோ ஒரு தோம்பில் வரவேண்டியவைதான். ஒரு ஓவியர் தொடங்கி வைத்ததை அவர் ஒருவரே முடிக்க முடியாது. அதை முடிக்கும் வேலை எங்களுடையது. அதற்கு ஓவியம் தெரிந்திருக்கத் தேவையில்லை என்பதைத்தான் அந்தப் புத்தகம் காட்டுகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று, ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அம்மம்மா, அப்பப்பா, உம்மும்மா யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். செய்யவேண்டியது இவ்வளவுதான்.

பெரியவர் தன் கையாலேயே கீறட்டும். கை நடுங்கினாலும் பரவாயில்லை. பிள்ளை திருத்தக் கூடாது. எங்கே தொடங்குகிறார் என்பதைக் கவனித்து எழுதி வையுங்கள். வடக்கு எந்தப் பக்கம் என்று குறியுங்கள். கிணறு, மரங்கள், மாட்டுக் கொட்டில், அடுப்படி, சாமி அறை, தொழுகைக்குப் பாய் விரிக்கும் இடம், எல்லாம் வரட்டும். நான்கு பக்கத்து அயலவர் பெயரையும் கேளுங்கள், அவர்கள் எந்தச் சமூகம் என்று பார்க்காமல் எழுதுங்கள். வேலியில் பொட்டு இருந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். கடைசியில் கீறியவர் பெயரும் திகதியும். வீட்டில் வேறொரு பெரியவர் இருந்தால் அவருக்கு வேறு தாள் கொடுங்கள், இரண்டும் மாறுபட்டால் இரண்டையும் வைத்திருங்கள்.

புலம்பெயர்ந்திருக்கும் உறவுகள் கனடாவிலோ பாரிசிலோ இருந்துகொண்டே இதைச் செய்யலாம். படத்தைத் தொலைபேசியில் எடுத்து ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். மூலத்தாளை உறுதியோடு ஒன்றாக, அதே பையில், பத்திரமாக வையுங்கள். உறுதி காணியைக் காக்கும். அந்தத் தாள் அதில் வாழ்ந்தவர்களைக் காக்கும்.

1672 இல் எங்கள் ஊரைப் படமாக்கியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் பார்த்ததைக் கீறினார்கள். இந்த முறை பேனை எங்கள் பெரியவர்களின் கையில் இருக்கட்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.